சொல்லாமல் விட்ட பத்தாயிரம் வெள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞர்களைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுவது அரிது. கடை வரிசையில் நான் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்க வருகிறவர்கள் காகிதத்தை நீட்டும்போதே அதன் கதையையும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், வீட்டுக் கிராண்ட், போலீஸ் ரிப்போர்ட், வங்கிக் கடிதம் என்று எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு வழக்கோ பாகப்பிரிவினையோ இருக்கும். அதற்கும் பின்னால் ஒரு வழக்கறிஞர் மேல் வைத்த மனத்தாங்கல் இருக்கும். பணம் கட்டி மாதக்கணக்காகியும் ஒரு பதில் இல்லை என்பார் ஒருவர். எப்போது போன் அடித்தாலும் கோர்ட்டில் இருக்கிறார் என்றே சொல்கிறார்கள் என்பார் இன்னொருவர். எதிராளியிடம் விலை போய்விட்டார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லாம் கடைசியில் ஒரே தீர்ப்பில் வந்து முடியும்: லாயர்கள் அத்தனை பேரும் திருடர்கள்.

இந்தத் தீர்ப்பு பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. பேராக்கில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு வழக்கறிஞர் என்றால் இன்றும் நினைவுக்கு வருகிறவர் ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம்தான். 1969இல் காலமானவர். இல்லாதவர்களிடம் காசு வாங்காமல் வாதாடினார் என்று தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த பெயர் அது. ஈப்போவில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. அடுத்த தலைமுறைக்குக் கர்ப்பால் சிங். அந்த உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கடை மாடியில் வாடகைக்கு அறை எடுத்துத் தொழில் செய்யும் ஒருவரை அளந்தால் அவர் குட்டையாகத்தான் தெரிவார். இது ஒரு பக்கம். மறுபக்கம், என் கடைக்கு வரும் கோப்புகளைப் படித்துப் பார்த்தால் உண்மையாகவே அநியாயம் நடந்தவையும் இருக்கின்றன. எது எந்த வகை என்று கோப்புக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது என்பதுதான் என்னை வருத்துகிறது. சட்டம் செய்ததையும் வழக்கறிஞர் செய்ததையும் பிரித்துப் பார்க்க அவருக்கு வழி இல்லை. யாரும் அவருக்கு எதையும் சொன்னதில்லை.

இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது ஓர் அக்காவின் கோப்பைப் படித்தபோதுதான். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரும் ஊரில் அவரை அடையாளம் காட்டக்கூடியவையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கேஸ் பிடிக்கிறவர்

அக்கா எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் சில காலம் வேலை செய்தார். பிறகு ஒரு மலிவு விலைத் தாமானில் வீடு வாங்கிக் குடிவந்தார். கணவர் முன்பே தவறிவிட்டார். ஒரே மகன் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். 2014 மார்ச்சில், இருபத்தாறு வயதில், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவனை ஒரு லாரி மோதியது. உடல் பிரேதப் பரிசோதனை முடிந்து வருவதற்குள்ளாகவே ஒருவர் வந்துவிட்டார். நம் ஆள், தமிழ் பேசுகிறவர், நெற்றியில் திருநீறு. அடக்கத்திற்கு வேண்டிய காகிதங்களை எல்லாம் தானே ஓடி ஓடி முடித்துக் கொடுத்தார். கருமாதி முடிந்த வாரத்தில் மறுபடி வந்து, நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம், கிடைப்பதில் இருபது சதவீதம்தான் லாயருக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர் தொழிலில் தடை செய்யப்பட்ட செயல். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று ஒப்பந்தம் பேசுவதையும் 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் 112ஆம் பிரிவில் தடுக்கிறது. இரண்டும் நம் ஊர்களில் பகிரங்கமாக நடக்கின்றன. மருத்துவமனைப் பிணவறை வாசலிலும் போலீஸ் நிலையத்து எதிர்க் கடையிலும் இவர்கள் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்காவைப் பொறுத்தவரை அவர் செய்தது உதவி. அந்தச் சமயத்தில் வேறு யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று இன்றும் சொல்கிறார். அதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். நம் சங்கங்களும் கட்சிக் கிளைகளும் கோயில் நிர்வாகங்களும் அன்று செய்யத் தவறிய வேலையை அந்த ஆள் கூலிக்குச் செய்தார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு எல்லாமே அந்த ஆள்தான். வழக்கறிஞரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. என்ன கேட்க வேண்டுமானாலும் அவருக்குப் போன் அடிப்பார். அவர் ஈப்போவில் இருக்கும் அலுவலகக் கிளர்க்கிடம் கேட்பார். கிளர்க் வழக்கறிஞரிடம் கேட்டாரா இல்லையா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பதில் திரும்பி வரும்போது "நடந்துகொண்டிருக்கிறது அக்கா" என்ற இரண்டு சொற்களாக வரும்.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. துரையின் பங்களா வாசலுக்கு யாரும் நேராகப் போய் நின்றதில்லை. சம்பளத்தில் குறை இருந்தால் கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணிக்கு மனம் வந்தால் துரை காதுக்குப் போகும். பதில் வராவிட்டால் அது நம் தலையெழுத்து. அக்காவின் தலைமுறை அந்தப் பழக்கத்தோடுதான் ஊருக்குக் குடிவந்தது. தன் பணத்தில் தனக்காக வேலை செய்யும் ஒருவரிடம் நேராகப் பேசும் உரிமை தனக்கு உண்டு என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே சில அலுவலகங்கள் அந்தப் பழைய ஏணியை அப்படியே வைத்திருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த வழக்கறிஞர்களில் பலர் தோட்டத்து வீடுகளில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பெற்றோர் பால் வெட்டிய காசில் சட்டம் படித்தவர்கள். கிராணியின் வாயைப் பார்த்து நிற்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காசோலை வந்த பிறகு

வழக்கு 2017 பிப்ரவரியில்தான் பதிவானது. இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் தொடுக்கும் வழக்கை, இறந்த நாளிலிருந்து மூன்று வருடங்களுக்குள் தொடுத்தாக வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 7ஆம் பிரிவில் சொல்கிறது. சில வாரங்கள் தள்ளியிருந்தால் அக்காவுக்கு ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். அப்படி ஒரு கெடு இருந்ததே அவருக்கு என் கடையில் அந்தக் கோப்பைப் படித்த நாளில்தான் தெரிந்தது. 2018இல் வழக்கு விசாரணைக்குப் போகாமல் சமரசமாக முடிந்தது. காப்புறுதி நிறுவனம் பணம் கட்டியது. அது வழக்கறிஞர் அலுவலகத்தின் கணக்குக்குப் போய், அங்கிருந்து அக்காவுக்கு 34,000 வெள்ளிக்கு ஒரு காசோலை வந்தது. கூடவே மலாயில் ஒரு பக்கக் கடிதம்.

அந்த நேரத்தில் அவருடைய தாமானில் இன்னொரு பெண்ணுக்கும் நஷ்டஈடு கிடைத்திருந்தது. கணவரைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, "துக்கத்துக்கென்று தனியாகப் பத்தாயிரம் கொடுத்தார்கள்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அக்கா தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து அதில் அந்தப் பத்தாயிரம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் தேடினேன். இல்லை. அன்றைக்கே அவருக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. தன் மகனுக்காகத் தான் அழுததற்குக் கொடுத்த பணத்தை லாயர் எடுத்துக்கொண்டார். ஒட்டுக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். கேட்டவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவரவர் வீட்டுக் கதை ஒன்று கைவசம் இருந்தது.

நம் மக்களின் அதிருப்தி பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. பேச்சாகவே பிறந்து பேச்சாகவே கரைந்துவிடும். மிஞ்சிப்போனால் கட்சிக் கிளைத் தலைவரிடமோ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலோ போய்ச் சொல்வார்கள். வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் ஒன்று கோலாலம்பூரில் இருக்கிறது. எழுத்து மூலம் புகார் செய்தால் அது வழக்கறிஞரிடம் விளக்கம் கேட்கும். தவறு நிரூபணமானால் கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், தொழில் செய்யவிடாமல் நிறுத்திவைக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். கட்டணம் அதிகம் என்று நினைத்தால் அதற்கு வழி வேறு: விவரமான கட்டணப் பட்டியல் கேட்டு வாங்கி, அதை உயர் நீதிமன்றத்தில் சரிபார்க்கச் சொல்லலாம். அதற்கும் கெடு உண்டு. வாடிக்கையாளர் பணத்தை வழக்கறிஞர் மோசடி செய்தால் விண்ணப்பிக்க இழப்பீட்டு நிதி என்றும் ஒன்று இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களில் இவற்றைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர். வழக்கறிஞர் அலுவலகத்துச் சுவரில் சாமி படமும் பட்டமளிப்புப் படமும் தொங்குகின்றன. இந்த விவரங்களைத் தமிழில் எழுதி ஒட்டிய ஒரு காகிதத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஈப்போ அலுவலகத்தில்

நேரில் போய்க் கேட்போம் என்று நான்தான் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் அவர் வர மறுத்தார். கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. பழைய கடை வரிசையில் முதல் மாடி. மேசையில் இருந்த பெண், லாயர் கோர்ட்டில் இருக்கிறார், என்ன விஷயம் என்று என்னிடம் சொல்லுங்கள் என்றார். அக்கா எழுந்து கிளம்பத் தயாராகிவிட்டார். நாங்கள் காத்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். மதியம் போல வழக்கறிஞர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் யார் என்று தெரியவில்லை. கோப்பு எண்ணைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். உட்காருங்கள் அம்மா என்றார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், கோப்பைத் திறந்தார். அக்கா பத்தாயிரத்தைக் கேட்டார். அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். துயரத்திற்கான அந்தப் பத்தாயிரம் வெள்ளியை யாருக்குக் கொடுக்கலாம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. கணவன் இறந்தால் மனைவிக்கு, மனைவி இறந்தால் கணவனுக்கு. பெற்றோருக்கு உண்டு, ஆனால் இறந்தது மணமாகாத, வயது வராத பிள்ளையாக இருந்தால் மட்டும். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்க முடியாது. உங்கள் மகனுக்கு இருபத்தாறு. அதனால் நான் அதைக் கேட்கவே இல்லை அம்மா. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

பிறகு மற்றக் கணக்கையும் சொன்னார். முப்பது வயதும் அதற்குக் கீழும் உள்ளவர் இறந்தால் பதினாறு வருட வருமானம் என்று சட்டம் வைத்திருக்கிறது. முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது, வீட்டுக்குக் கொடுத்ததை மட்டும்தான். மகன் மாதம் ஐந்நூறுக்கு மேல் கொடுத்தான் என்று அக்கா சொன்னது உண்மைதான். ஆனால் கையில் கொடுத்த காசு, அத்தாட்சி இல்லை. காப்புறுதித் தரப்பு 350க்குத்தான் இறங்கி வந்தது. மாதம் 350, வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், பதினாறு வருடம், ஆக 67,200. அடக்கச் செலவு 5,000. போலீஸ் வரைபடத்தின்படி மகன் சந்தியிலிருந்து வெளியேறும்போது மோதல் நடந்ததால், முப்பது சதவீதப் பொறுப்பு அவன் மேல் விழுந்தது. எழுபது சதவீதம் கணக்கிட்டால் 50,540. வட்டியும் அதிலேயே அடக்கம் என்று சமரசம். அந்த முப்பது சதவீதத்துக்குச் சம்மதம் என்று அக்கா கையெழுத்திட்ட கடிதமும் கோப்பில் இருந்தது. கேஸ் பிடிக்க வந்த அந்த ஏஜண்ட் கொண்டுவந்து நீட்டிய காகிதம் அது. மகன் மேல் பழி போடும் காகிதம் என்று தெரிந்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பதினெட்டு வயதுக்கு மேல் போனால் அம்மா அழமாட்டாள் என்று யார் எழுதியது?"

வழக்கறிஞர் புத்தகத்தை மூடினார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது அம்மா, எனக்கும் அது சரியாகப் படவில்லை என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றே நான் நம்புகிறேன். அந்த நிமிடத்தில் அக்காவின் முகத்தில் இருந்த அழுத்தம் தளர்ந்தது. ஏமாற்றப்படவில்லை என்று தெரிந்ததில் ஒருவருக்கு எவ்வளவு ஆறுதல் கிடைக்கும் என்பதை அன்று பார்த்தேன். பணம் ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. அவர் இழந்தது இழந்ததுதான். ஆனால் தன் துக்கத்தை ஒருவர் திருடித் தின்றார் என்ற எண்ணத்தோடு அத்தனை மாதம் அவர் உறங்காமல் கிடந்திருக்கிறார். அந்த எண்ணத்தைப் போக்க ஒரு மனிதர் தமிழில் சிறிது நேரம் பேசியது போதுமாக இருந்தது. முதல் சந்திப்பிலேயே பேசியிருந்தால் அந்த எண்ணம் பிறந்தே இருக்காது. முதல் சந்திப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். அக்கா தன் பைக்குள்ளிருந்து அந்த ஒரு பக்கக் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். 50,540இல் 34,000 போக மீதி 16,540. சட்டக் கட்டணம் 10,000, இதரச் செலவு 6,540 என்று இரண்டே வரிகள் அதில் இருந்தன. கையால் அந்த இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டி, "சரி ஐயா. பத்தாயிரம் சட்டம் கொடுக்கவில்லை. இந்த ஆறாயிரத்து ஐந்நூற்று நாற்பதை எந்தச் சட்டம் எடுத்தது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அப்போது வார்த்தை வரவில்லை. கிளர்க்கிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

எல்லா லாயரும் திருடர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த வரையில் அக்காவால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத குற்றச்சாட்டு அது. கேட்கிறவருக்கும் உறைக்காது, சொல்லப்பட்டவருக்கும் வலிக்காது. முதல் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்ததால்தான் இரண்டாவது கேள்வி கூர்மையாக வந்தது. வழக்கறிஞர்கள் சிலர் வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம் என்று நான் சந்தேகிக்கிறேன். ஒன்றைப் புரிந்துகொண்டவர் அடுத்ததைக் கேட்பார்.

அவர்கள் பக்கமும் சில

இதை எழுதும்போது எனக்குத் தெரிந்த நல்ல வழக்கறிஞர்கள் சிலரின் முகம் வந்து போகிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன வழக்குகளில் கட்டணம் வாங்காமல் நின்றவர்களை இந்த வட்டாரம் அறியும். வழக்கறிஞர் மன்றத்தின் ஈப்போ சட்ட உதவி மையத்துக்கு நான் அனுப்பிவைத்தவர்கள் திருப்தியோடு திரும்பி வந்திருக்கிறார்கள். வழக்கு தள்ளிப்போவது பெரும்பாலும் வழக்கறிஞர் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களும் சும்மா இல்லை. குடித்திருந்ததை மறைப்பார்கள், முதல் மனைவியை மறைப்பார்கள், அண்ணன் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாம் நீதிமன்றத்தில் வெளியே வந்த பிறகு லாயர் சரியில்லை என்பார்கள்.

வழக்கறிஞர் யாருடையவர் என்றே தெரியாமல் குறைப்படுவதும் உண்டு. புதிய வீடமைப்புத் திட்டங்களில், சட்டக் கட்டணம் இலவசம் என்று விளம்பரம் செய்வார்கள். வாங்குகிறவர் அந்த வழக்கறிஞரைத் தன்னுடையவர் என்று நினைத்துக்கொள்வார். வீடு கைவிடப்பட்டாலோ தாமதமானாலோ, என் லாயர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று வருந்துவார். அவர் வீடமைப்பாளரின் வழக்கறிஞர். அதே விற்பனையில் இரு தரப்புக்கும் சேர்ந்து ஒருவர் செயல்படக் கூடாது என்று வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. அப்பா விட்டுப்போன ஒற்றை வீட்டைப் பெயர் மாற்ற ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் இன்னொரு வகை. உயில் எழுதாமல் இறந்தவரின் சிறிய சொத்துகளை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே பங்கிட்டுக்கொள்ளலாம். வாரிசுகள் தாங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கான பாரங்களை என் கடையிலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு நான் தேவையில்லை, நில அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிய ஒரு வழக்கறிஞரையும் எனக்குத் தெரியும். அவர் மேல் இந்த ஊரில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கடிதமும் பதிலும்

ஈப்போவிலிருந்து திரும்பிய அன்றே, அக்கா சொல்லச் சொல்ல ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். செலவுகளின் விவரமான பட்டியல் வேண்டும், கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வந்தது. போலீஸ் ஆவணங்கள், மருத்துவ அறிக்கை, பதிவுக் கட்டணம், போக்குவரத்து என்று 2,540 வெள்ளிக்குக் கணக்கு இருந்தது. மீதி 4,000க்குக் கணக்கு இல்லை. அதற்குப் பதிலாக, நல்லெண்ண அடிப்படையில் என்ற வாசகத்தோடு நாலாயிரத்துக்கு ஒரு காசோலை இணைத்திருந்தார்கள். அந்தப் பணம் முதலில் யார் கைக்குப் போக இருந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. நிரூபிக்க முடியாததால் எழுதவில்லை. 10,000 கட்டணத்துக்கு, செய்த வேலைகளின் நீண்ட பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது மொத்தத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பதும், ஏஜண்ட் அன்று வாயால் சொன்ன கணக்கும் அதுவே என்பதும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்குப் புகார் எழுதலாம் என்று நான் வற்புறுத்தினேன். எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அடக்க வீட்டுக்குள் ஆள் அனுப்புகிற ஒருவரை எழுத்தில் கேள்வி கேட்காமல் விட்டால் அடுத்த அடக்க வீட்டுக்கும் ஆள் வரும். வந்துகொண்டும் இருக்கிறார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மகனின் மரணச் சான்றிதழை இன்னொரு முறை நகல் எடுக்கத் தன்னால் முடியாது என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, துயரத்துக்கான அந்தத் தொகை முப்பதாயிரம் வெள்ளியாக உயர்ந்தது. செய்தி வந்தபோது அக்காவின் தாமானில் மறுபடியும் பேச்சு கிளம்பியது. உன் லாயர் முழுங்கிய பணம் இப்போது மூன்று மடங்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போது ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் இருந்தேன். அக்கா திரும்பி அந்த ஆளிடம் சொன்னார்: "அந்தப் பத்தாயிரத்தை அவர் எடுக்கவில்லை. சட்டத்தில் எனக்கு இல்லை. அவர் கணக்குக் காட்டாமல் எடுத்தது நாலாயிரம். கேட்டேன், திருப்பிக் கொடுத்தார். கட்டணம் பத்தாயிரம் வாங்கினாரே, அது அதிகம் என்று இப்போதும் சொல்வேன், அவர் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்."